மயிலை சீனி. வேங்கடசாமியும் மாமல்லைப் பாறையும்

1950-ஆம் ஆண்டில் 'மகாபலிபுரத்து ஜைன சிற்பம்' என்றொரு சிறு நூல் வெளிவந்தது. மாமல்லபுரம் செல்வோர் யாவரும் முதலில் நின்று பார்க்கும் பெரும்பாறைச் சிற்பத்தை ஊரார் அர்ச்சுனன் தபசு என்றனர். அறிஞருள் ஒரு சாரார் கங்கை இறங்கிய காட்சி என்றனர். இரண்டும் அன்று, அது இரண்டாம் தீர்த்தங்கரர் அஜிதநாத சுவாமியின் புராணத்தில் வரும் சகர சக்கரவர்த்தியின் வரலாறு என்று அந்நூல் கூறியது. அவ்வாறு கூறியவர் ஜைனர் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். சென்னையில் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குப் பாடம் சொல்லி வந்த மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களே அவர்.

அவருடைய 'சமணமும் தமிழும்' நம் இல்லங்கள் பலவற்றில் ஸ்ரீபுராணத்தோடும் சிந்தாமணியோடும் ஒரே அடுக்கில் இருக்கக் கண்டிருக்கிறேன். மாமல்லை நூலை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். ஆயினும் அதன் செய்தி மட்டும் நூலை விட்டுப் பிரிந்து, நம் கூட்டங்களில் வாய்மொழியாக உலவி வருகிறது. 'அந்தப் பாறை நம்முடையது, பிறர் பெயரை மாற்றிவிட்டனர்' என்று மேடையில் உணர்ச்சியோடு பேசுவோரும் உண்டு. இளைஞர்கள் அதைக் கேட்டுக் கைதட்டுகின்றனர். பின் அவர்களே கல்லூரிக்குச் சென்று, வரலாற்றுப் பேராசிரியர் முன்னிலையில் இதைச் சொல்லி விடை பெறாமல் திரும்புகின்றனர். ஆகவே அந்நூலையும் அதனை எழுதியவரையும் சற்று நிதானமாக எடுத்துப் பார்ப்பது நம் கடமை எனக் கருதுகிறேன்.

வேங்கடசாமி 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாசர் சித்த மருத்துவர். 'சீனி' என்னும் முன்னெழுத்து அவர் பெயரிலிருந்து வந்ததே. தமையனார் கோவிந்தராசன் தமிழ்ப் புலவர். இளையவருக்கு முதல் ஆசான் அவரே. பின்னர் மகாவித்துவான் சண்முகம் பிள்ளையிடமும் பண்டித சற்குணரிடமும் தமிழ் பயின்றார். இடையே எழும்பூர் ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்றதும் உண்டு. குடும்ப நிலை அப்படிப்பைத் தொடர விடவில்லை. ஓவியர் ஆகாமற்போனாலும், ஓர் உருவத்தின் நிலை, கை, அணி, ஆடை ஆகியவற்றைத் தனித்தனியே நோக்கும் பழக்கம் அங்கே படிந்திருக்க வேண்டும். அவர் எழுத்தில் சிற்பம் பற்றிய பகுதி எங்கு வந்தாலும் அக்கண் தெரிகிறது.

நீதிக்கட்சியின் 'திராவிடன்' இதழில் சிறிது காலம் பணி. அதன்பின் ஆசிரியர் தொழில். 1955-இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு அத்தொழிலிலேயே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பகலில் அரிச்சுவடியும் வாய்ப்பாடும். மாலையிலும் விடுமுறையிலும் நூலகம், கல்வெட்டு, ஊர்ப்பயணம். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் அக்கால ஊதியம் எவ்வளவென்பது என்னைப் போன்ற பழைய ஆசிரியர்க்குத் தெரியும். அந்த ஊதியத்தில் ஒருவர் கிரந்தமும் வட்டெழுத்தும் பிராமியும் கற்று, தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளைத் தேடிப் படித்து, ஊர் ஊராகச் சென்று கல்லைத் தடவிப் பார்த்தார் என்பதை இளைஞர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். உதவித்தொகையோ ஆய்வு மாணவர் கூட்டமோ அவருக்கு இல்லை.

1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்', 1954-இல் 'சமணமும் தமிழும்' என மூன்று சமயங்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவை நூலாக்கினார். தம் சமயம் அல்லாத மூன்று சமயங்களைப் பற்றி, அச்சமயத்தாரே மகிழ்ந்து போற்றும்படி ஒருவர் எழுதினார் என்பதே பெரிது. மூன்றாவது நூலை வெளியிட்டது திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். சம்பந்தர் காலத்து வாதங்களை நினைவில் வைத்திருப்போர்க்கு இச்செய்தி ஒரு புன்னகையைத் தரலாம். தமிழ்நாட்டில் அச்சு யுகம் செய்த நன்மைகளுள் இதுவும் ஒன்று.

நம் சமூகத்தில் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தமிழிலுள்ள ஜைன இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941-இல் வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1936-இல், நீலகேசியை உரையோடு பதிப்பித்திருந்தார். ஆனால் அவை கற்றோர் கையில் மட்டும் இருந்தன. வந்தவாசியிலும் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் உழுது வாழ்ந்த நம் முன்னோர், தம் வரலாற்றைத் தம் மொழியில், ஒரே நூலில், எளிய நடையில் படித்தது வேங்கடசாமியின் நூலில்தான். பி. பி. தேசாயின் தென்னிந்திய ஜைனம் பற்றிய ஆங்கிலப் பெருநூல் அதற்கு 3 ஆண்டுகள் கழித்தே, 1957-இல், சோலாப்பூரில் வெளிவந்தது.

'சமணமும் தமிழும்' நூலில் மிகப் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால், சமணத் திருப்பதிகளை மாவட்டவாரியாகத் தொகுத்த பகுதி என்றே சொல்வேன். கல்வெட்டறிக்கைகளில் ஆங்கிலத்தில் சிதறிக் கிடந்த குறிப்புகளை எல்லாம் திரட்டி, இன்ன ஊரில் இன்ன பாறையில் இன்ன உருவம் உள்ளது, இன்ன இரயில் நிலையத்திலிருந்து இத்தனை மைல் என்று எழுதிவைத்தார். வழிபாடு நின்றுபோய், 'மொட்டைப் பிள்ளையார்' என்றும் வேறு பெயராலும் ஊர்ப்புறத்தில் கிடந்த திருமேனிகள் பல தீர்த்தங்கரர் என மீண்டும் அறியப்பட்டதற்கு இத்தொகுப்பு ஒரு காரணம். சமயப் பூசல்களையும் அவர் மழுப்பவில்லை. கழுவேற்றம் பற்றிய கதைகளையும், பள்ளிகள் கோயில்களான செய்தியையும் எடுத்து வைத்தார். அதற்காக எவர்மீதும் வன்மம் பாராட்டவும் இல்லை.

இப்போது மாமல்லைக்கு வருவோம்.

பாறை ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடையது. நடுவில் இயற்கையான பிளவு. அப்பிளவில் நாகராசனும் நாகினியரும் மேல்நோக்கி எழுகின்றனர். பாறையின் மேற்புறத்தில் நீர் தேக்குவதற்கு இடம் செய்யப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் மெய்யாகவே நீர் பிளவின் வழியே வழிந்திருக்கிறது. இருபுறமும் தேவர், கந்தருவர், வேடர், முனிவர், சிங்கம், மான், குரங்கு எனக் கூட்டம் கூட்டமாக யாவும் பிளவை நோக்கி விரைகின்றன. வலப்புறம் யானைகள். அவற்றின் அருகே இரு கைகளையும் தூக்கி நின்று தவம் செய்யும் ஒரு பூனை. அதைச் சுற்றி அஞ்சாத எலிகள். பள்ளிச் சுற்றுலாவில் மாணவரை அங்கு அழைத்துச் சென்ற ஆண்டுகளில், முழுப் பாறையையும் விட்டுவிட்டு அந்தப் பூனையையே அவர்கள் அரைமணி நேரம் பார்த்து நிற்பர். இடப்புறம் மேலே, ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய ஒருவர் தவம் புரிகிறார். அவர் எதிரே நான்கு கைகளுடன் ஒரு கடவுள். அதற்குக் கீழே சிறு கோயில் ஒன்று. அதன் முன் அமர்ந்து தவம் செய்வோர் சிலர்.

அர்ச்சுனன் பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்தது இது என்பது பழைய வழக்கு. 1914-இல் விக்டர் கோலூபியு என்ற அறிஞர் பிரெஞ்சு மொழியில் எழுதி, பிளவும் நீரும் நாகரும் இருக்கும்போது அர்ச்சுனனுக்கு இங்கு என்ன வேலை, இது பகீரதன் தவமும் கங்கை இறங்கியதுமே என்றார். நம் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்கள் பற்றி 1934-இல் அரிய நூல் எழுதிய டி. என். இராமச்சந்திரன் அர்ச்சுனன் பக்கமே நின்றார். இந்த விவாதத்தின் நடுவேதான் வேங்கடசாமி மூன்றாவது கருத்தைக் கொண்டுவந்தார்.

சகரர் வரலாறு நம் இல்லத்துப் பெரியோர் சொல்லக் கேட்டதே; இளையோர்க்காகச் சுருங்கச் சொல்கிறேன். அஜிதநாதர் காலத்தில் வாழ்ந்த சகரர் இரண்டாம் சக்கரவர்த்தி. அவருக்கு மக்கள் 60,000 பேர். 'எங்களுக்கு ஒரு பணி தருக' என அவர்கள் வேண்ட, கயிலாயத்தில் பரத சக்கரவர்த்தி எடுப்பித்த ஜினாலயங்களுக்குக் காவலாக மலையைச் சுற்றி அகழி தோண்டிக் கங்கை நீரை நிரப்புமாறு பணித்தார். அவர்கள் தண்டரத்தினத்தால் அகழ்ந்தனர். அதன்பின் நாகத்தின் சினத்தீயால் சாம்பலாயினர். திகம்பர மரபில் குணபத்திராசாரியரின் உத்தரபுராணத்தில், முற்பிறவி நண்பனான மணிகேது என்னும் தேவனே சகரருக்கு வைராக்கியம் வரும்பொருட்டு நாக வடிவெடுத்து மாயையால் இதைச் செய்ததாகவும், சகரர் பகீரதனுக்கு முடிசூட்டித் துறவு பூண்டதாகவும், மக்கள் உயிர்பெற்றெழுந்து தாமும் துறந்ததாகவும் வருகிறது. பின்னர்ப் பகீரதனும் துறவு ஏற்றுக் கங்கைக் கரையில் யோகத்தில் நின்றான். தேவர் அவன் அடிகளைப் பாற்கடல் நீரால் ஆட்ட, அந்நீர் கலந்ததால் கங்கை தீர்த்தமாயிற்று.

மலை, ஆறு, நாகர், ஆற்றங்கரையில் தவம் செய்வோன் ஆகியவை அனைத்தும் பாறையில் உள்ளன. வான்மீகத்தில் வரும் கதையில் சகரர் மக்கள் வேள்விக் குதிரையைத் தேடிப் பூமியைத் தோண்டுகின்றனர். அவர்களை எரிப்பவர் கபில முனிவர். நாகர்க்கு அங்கே முதன்மை இல்லை. ஜைனக் கதையிலோ நாகரை நீக்கினால் கதையே இல்லை. பிளவின் நடுவே, பாறை முழுமைக்கும் மையமாக, நாகர் ஏன் செதுக்கப்பட்டனர் என்ற வினாவுக்கு ஜைன புராணம் தரும் விடை ஏனையவற்றினும் நேரானது. வேங்கடசாமியின் கருத்துக்கு உள்ள உண்மையான வலிமை இதுவே என்று நான் எண்ணுகிறேன். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

காலத்தைக் காட்டி மறுப்போர் உண்டு. உத்தரபுராணம் 9-ஆம் நூற்றாண்டினது. சிற்பமோ 7-ஆம் நூற்றாண்டினது. பின்னால் வந்த நூலைப் பார்த்து முன்னால் எப்படிச் செதுக்கினர் என்பர். இம்மறுப்பு வலுவற்றது. விமலசூரியின் பிராகிருத 'பௌமசரியம்' சிற்பத்தினும் பழமையானது. அதில் சகரர் மக்கள் கதை உள்ளது. இரவிசேணரின் பத்மபுராணம் வீர நிர்வாணம் 1203 கடந்து, அதாவது பொது ஆண்டு 677-ஐ ஒட்டி முடிந்தது; அதிலும் உண்டு. கதை பல்லவர் காலத்தில் நன்கு அறியப்பட்டதே.

வலுவான மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. அதை வெளியாரைவிட நாமே நன்கு காண முடியும். ஒற்றைக் காலில் நிற்பவரைப் பாருங்கள். அவருக்குத் தாடி உண்டு, முடி உண்டு, இடையில் ஆடை உண்டு. நம் முனிவர் கேசலோசம் செய்வோர். பிரதிமா யோகத்தில் நிற்பவர் இரு கால்களும் ஒப்ப ஊன்றி, கைகள் தாமே தொங்க நிற்பர். மேல்சித்தாமூரிலும் திருமலையிலும் அந்நிலையைக் கண்டு வளர்ந்த நம் குழந்தைகூட மாமல்லையில் நிற்பவரை முனிவர் என்னும், ஜைன முனிவர் என்னாது. வெயிலில் கை உயர்த்தி நின்று செய்யும் ஆதாபன யோகம் உண்டே என வாதிடலாம். தாடிக்கு என்ன சொல்வது? எதிரே நிற்கும் நான்கு கைக் கடவுளைச் சூழ்ந்து குள்ளப் பூதகணங்கள் நிற்கின்றன. அது சிவபெருமானின் அடையாளம். கீழேயுள்ள சிறுகோயிலில் நீண்ட முடி தரித்து நிற்பவர் திருமால். அங்கே ஒரு ஜினபிம்பம் இருந்திருந்தால் முக்குடை எங்கே? கயிலாயத்து ஜினாலயங்களைக் காக்கத்தான் அகழியே தோண்டப்பட்டது. கதையின் காரணமான ஜினாலயத்தைச் சிற்பி செதுக்காமல் விட்டிருப்பானா?

இன்னொன்றும் உண்டு. மாமல்லபுரத்திலேயே கணேச ரதம், தருமராச மண்டபம், இராமானுச மண்டபம், ஆதிவராகர் குகை ஆகியவற்றில் ஒரே பொருளுடைய வடமொழிச் சுலோகம் வெட்டப்பட்டிருக்கிறது. உருத்திரனை நெஞ்சில் வையாதவர்க்கு அறுமடங்கு சாபம் என்பது அதன் கருத்து. அதை வெட்டுவித்த மன்னன் ஆண்ட ஊரின் முகப்புப் பாறையில் அஜிதநாத புராணத்தை எதிர்பார்ப்பது கடினம். இரா. நாகசாமி 1962-இல் எழுதிய கட்டுரையில் மாமல்லைப் பணிகள் யாவும் இராசசிம்மன் ஒருவனுடையவை என்று வாதிட்டதையும், பலர் அவற்றை மாமல்லன் முதலிய பல அரசர்க்குப் பகிர்ந்தளிப்பதையும் இங்கு நினைக்கலாம். எவர் காலமாயினும் அரசர் சைவ வைணவச் சார்பினர் என்பதில் ஐயமில்லை.

ஆதலின் அப்பாறை ஜைனச் சிற்பம் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அறிஞருலகிலும் அது வேரூன்றவில்லை. ஆனால் அறிஞருலகம் வேங்கடசாமியை எடுத்து மறுக்கவில்லை. அவர் தமிழில் எழுதியதால் படிக்காமலே கடந்து சென்றது. அதுதான் எனக்கு வருத்தம். மறுப்பு ஓர் ஆராய்ச்சியாளனுக்குச் செய்யும் மரியாதை. அம்மரியாதையைத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குத் தர மனமில்லை போலும்.

1994-இல் பத்மா கைமல் என்ற கலை வரலாற்றாளர் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். அச்சிற்பம் அர்ச்சுனனா பகீரதனா என்று கேட்பதே பொருந்தாது. பல பொருள் படவே அது திட்டமிட்டுச் செதுக்கப்பட்டது என்பது அவர் கருத்து. இரட்டுற மொழிதலும் சிலேடையும் கற்பித்த தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று. அரசவைப் புலவன் ஒரு செய்யுளில் செய்வதைச் சிற்பி ஒரு பாறையில் செய்திருக்கிறான். இப்படிக் கொண்டால், அக்காலத்துக் காஞ்சியிலிருந்து வந்து நின்ற ஒரு ஜைன வணிகன் அந்நாகரையும் ஆற்றையும் கண்டு தன் புராணத்தை நினைத்திருக்க மாட்டானா? நினைத்திருப்பான் என்றே தோன்றுகிறது. வேங்கடசாமியின் நூலை அந்தப் பார்வையாளனின் நூலாகப் படித்தால் இன்னும் சுவையுண்டு.

நமக்குப் பெருமை வேண்டுமாயின் மாமல்லைப் பாறையைப் பற்றிக்கொள்ளத் தேவையும் இல்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஐயத்திற்கிடமின்றி நம்முடையவை இருக்கின்றன. காஞ்சிக்கு மேற்கே வேகவதியின் அக்கரையில் திருப்பருத்திக்குன்றம், நம் ஜினகாஞ்சி. பள்ளன்கோயிலில் கிடைத்த சிம்மவர்மனின் செப்பேடு பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைக் கொடையளித்ததைக் கூறுகிறது. திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, புஷ்பசேன முனிவரின் ஆணையால், விசயநகர அமைச்சன் இருகப்பன் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தான். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தமிழ்க் குறிப்புகளோடு வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. மதுராந்தகத்திற்குத் தெற்கே ஆனந்தமங்கலத்துப் பாறையில் தீர்த்தங்கரரும் இயக்கியும் உள்ளனர். முதற் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவ்விடத்தை ஜினகிரிப்பள்ளி என்கிறது. அங்கே ஒரு அடிகளை நாள்தோறும் உண்பிக்க வர்த்தமானப் பெரியடிகள் பொன் கொடுத்த செய்தி அதில் உண்டு. இவ்விடங்களுக்கு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறோம்? மாமல்லைக்கு ஆண்டுதோறும் போகிறோம்.

பல்லவர் கால எண்ணுக்கே நம் நூலொன்று அடித்தளம். சர்வநந்தி முனிவரின் 'லோகவிபாகம்' சக ஆண்டு 380-இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், பாடலிகாவில் எழுதி முடிக்கப்பட்டது என்று அதன் வடமொழி வடிவம் கூறுகிறது. சக 380 என்பது பொது ஆண்டு 458. இவ்வொரு குறிப்பைக் கொண்டே முற்காலப் பல்லவரின் ஆண்டு வரிசையை வரலாற்றாசிரியர் கணக்கிட்டனர். உலகின் அமைப்பைக் கூறும் ஒரு சமண நூலில் போகிற போக்கில் எழுதிய ஆண்டுக் குறிப்பு ஓர் அரச குலத்தின் காலத்தைத் தாங்கி நிற்கிறது.

வேங்கடசாமி இத்தகைய சான்றுகளில் ஊறியவர். ஓய்வு பெற்ற 1955-இல் 'மகேந்திரவர்மன்' வெளிவந்தது. 1957-இல் 'வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்'. 1958-இல் 'மூன்றாம் நந்திவர்மன்'. இவை மூன்றும் செங்கற்பட்டு நிலத்தில் நடந்து பார்த்தால்தான் விளங்கும் நூல்கள். செங்கற்பட்டிற்கு அருகே வல்லத்துக் குகைக்கோயிலில் மகேந்திரனின் சத்துருமல்லன், குணபரன் என்னும் பட்டங்களும், வயந்தப்பிரியரசர் மகன் கந்தசேனன் அதைச் செய்வித்த செய்தியும் தமிழில் உள்ளன. திருக்கழுக்குன்றத்துச் சோழர் காலக் கல்வெட்டொன்று, பழைய அறக்கொடை ஒன்றை வாதாபி கொண்ட நரசிங்கப்போத்தரசர் காத்தளித்ததை நினைவுகூர்கிறது. சாளுக்கியர் தலைநகர் வீழ்ந்ததை ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்தும் இவ்வூரார் பட்டப்பெயராக வழங்கினர் என்பதற்கு அதுவே சான்று.

மகேந்திரன் முதலில் ஜைனனாக இருந்து, அப்பரால் சைவனாகி, பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராண வரலாறு. நம்மவர் இதைப் பேசும்போது குரல் உயர்த்துவதுண்டு. வேங்கடசாமி இவ்வரசனைப் பற்றி முழு நூல் எழுதினார்; அதில் அவனுடைய குகைக்கோயில்களையும் இசையையும் நாடகத்தையும் உரிய சிறப்போடு கூறினார். நமக்கு வேண்டியவர் எழுதினார் என்பதற்காக நமக்கு வேண்டாதவனைக் குறைத்துக் காட்டவில்லை. இந்த நடுநிலைதான் அவருடைய ஏனைய முடிவுகளுக்கும் மதிப்புத் தருகிறது.

பின்னும் எழுதிக்கொண்டே இருந்தார். 1959-இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டிய ஓரிரு செய்யுளோ வெறும் பெயரோ மட்டும் எஞ்சியிருக்க, முழு நூல் இல்லாமற்போனவற்றின் பட்டியல் அது. சாந்திபுராணம், நாரத சரிதை, மல்லிநாதர் புராணம், கிளிவிருத்தம், எலிவிருத்தம் என அதில் நம்முடையவை வரிசையாக வருகின்றன. வளையாபதியும் எஞ்சிய செய்யுள்களோடு அங்கே நிற்கிறது. அப்பட்டியலை ஒரே அமர்வில் படிக்க என்னால் இயலவில்லை. எந்த ஊரில், எந்த வீட்டுப் பரணில், எந்த ஆடிப்பெருக்கில் அவை போயின என்று எண்ணத் தோன்றும். மயிலாப்பூரையே எடுத்துக்கொண்டால், அவர் பிறந்த ஊரில் ஒருகாலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கணத்திற்கு நேமிநாதம் எனப் பெயரிட்டதும், அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும் அப்பெருமான்மேல் கொண்ட பக்தியால். கடல் நெருங்கியபோது திருமேனி மேல்சித்தாமூருக்கு எழுந்தருளியதாக நம் மரபு கூறும். நேமிநாத சுவாமிக்கு அளித்த கொடையைச் சொல்லும் ஒரு துண்டுக் கல்வெட்டு சாந்தோமில் கிடைத்தது. அதைத் தேடித் தம் நூலில் சேர்த்தவர் இந்த மயிலைக்காரரே.

1961-இல் அவருடைய மணிவிழாவை அன்பர்கள் கொண்டாடி 'ஆராய்ச்சிப் பேரறிஞர்' என்னும் பட்டம் அளித்தனர். துளுநாடு, கொங்குநாடு, களப்பிரர் காலம் என்று பிறர் தொடாத இடங்களாகவே தேர்ந்து எழுதினார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என ஒதுக்கிய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. அக்காலத்தில் எழுந்த தமிழ் நூல்களைச் சான்றாகக் காட்டினார். அவற்றுள் நம் முனிவர் நூல்களும் உள. 1980-ஆம் ஆண்டு மறைந்தார். பின்னர்த் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. எவரும் இன்று அவற்றை அச்சிடலாம். பதிப்புகளும் பல வந்துள்ளன.

ஒன்று மட்டும் வரவில்லை. 1954-இல் வெளியான 'சமணமும் தமிழும்' முதற்பகுதி என்றே அச்சிடப்பட்டது. இரண்டாம் பகுதி வெளிவராமலே போயிற்று. அதற்கு வேண்டிய ஓலைகளுள் சில, நம் ஊர்களில், நம் வீடுகளில், மஞ்சள் துணியில் சுற்றி இன்னும் இருக்கக்கூடும். ஆண்டுக்கொருமுறை சுருதபஞ்சமியன்று எடுத்து, பூசித்து, பிரிக்காமலே மீண்டும் கட்டி வைக்கிறோம்.